வீட்டிலேயே கோட்டோ மின்சுற்று: முதலில் ஒரே ஒரு மோட்டார்

தொலைநோக்கிக்குக் கோட்டோ வசதியை, அதாவது நாம் சொல்லும் நட்சத்திரத்தை நோக்கித் தானாகவே திரும்பும் வசதியை, சொந்தமாகச் செய்ய இறங்குபவர்களில் பலர், இரண்டு மோட்டார், வைஃபை, மொபைல் ஆப் என எல்லாவற்றையும் முதல் நாளே மாட்டிவிட்டு, ஓடவில்லை என்றதும் கோளாறு எங்கே என்று தெரியாமல் விழிப்பார்கள். ஒரு மோட்டார் மேசைமேல் சரியான வேகத்தில் ஓடிவிட்டால் பாதிக்கிணறு தாண்டியாயிற்று. அந்த வரிசையிலேயே போகலாம். உங்களிடம் ஈக்வடோரியல் மவுண்ட் (ஓர் அச்சு வானின் துருவத்தை நோக்கியிருக்கும் தாங்கி) இருக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன்.

வேண்டியவை: இஎஸ்பி32 போர்டு (நிரலை ஓட்டும் சின்னக் கணினி), ஏ4988 டிரைவர் (மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கும் சிறு போர்டு) இரண்டு, நெமா 17 ஸ்டெப்பர் மோட்டார் (சின்னச் சின்ன ஸ்டெப்பாகச் சுழலும் மோட்டார்) இரண்டு, 12 வோல்ட் பேட்டரி, அதை இஎஸ்பி32க்காக 5 வோல்ட்டாகக் குறைக்கும் பக் கன்வெர்ட்டர், 100 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் இரண்டு, மல்டிமீட்டர். மோட்டார் சத்தம் பிடிக்காதவர்கள் ஏ4988க்குப் பதிலாக டிஎம்சி2209 டிரைவர் வாங்கலாம், ரொம்ப அமைதியாக ஓடும். மல்டிமீட்டர் இல்லாமல் மட்டும் ஆரம்பிக்காதீர்கள்.

படி 1: கணக்கு

சாலிடரிங் அயர்னைத் தொடும் முன் காகிதமும் பேனாவும். மோட்டார் ஒரு சுற்றுக்கு 200 ஸ்டெப், டிரைவரில் 16 மைக்ரோஸ்டெப் (ஒரு ஸ்டெப்பை டிரைவர் 16 துண்டாகப் பிரிக்கும்), பெல்ட் குறைப்பு 3க்கு 1, வார்ம் கியரில் 144 பற்கள் என்றால், 200 × 16 × 3 × 144 = 13,82,400. அச்சு ஒரு முழுச் சுற்று வர இத்தனை மைக்ரோஸ்டெப் வேண்டும். 360ஆல் வகுத்தால் டிகிரிக்கு 3840, ஒரு மைக்ரோஸ்டெப்புக்கு சுமார் 0.94 ஆர்க் செகண்ட் (ஒரு ஆர்க் செகண்ட் என்பது டிகிரியில் 3600இல் ஒரு பங்கு). கண்ணால் பார்ப்பதற்கு இது தாராளம். உங்கள் கியர் வேறாக இருந்தால் உங்கள் எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள்.

நட்சத்திரங்கள் வானில் ஒரு சுற்று வர எடுப்பது 24 மணி நேரம் அல்ல, 23 மணி 56 நிமிடம் 4 விநாடி, அதாவது 86,164 விநாடி. நாலு நிமிடம்தானே என்று 24 மணிக்குக் கணக்குப் போட்டால் ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய 148 ஆர்க் செகண்ட் பின்தங்கிவிடுவீர்கள். தொலைநோக்கியில் தெரியும் வியாழனின் வட்டத்தைப் போல சுமார் மூன்று மடங்கு. நம் எடுத்துக்காட்டில் ஒரு மைக்ரோஸ்டெப்புக்கும் அடுத்ததற்கும் இடைவெளி சுமார் 62.33 மில்லிவிநாடி. சொந்தமாக நிரல் எழுதி 62 என்று முழு எண்ணாக வைத்தால் பிழை இதைவிடவும் பெரிது. அதனால்தான் புதியவர்களுக்கு ஆன்ஸ்டெப் என்ற திறமூல ஃபர்ம்வேரை (இஎஸ்பி32இல் ஏற்றும் ஆயத்த நிரல்) பரிந்துரைக்கிறேன், இந்த நேரக்கணக்கை அதுவே பார்த்துக்கொள்ளும்.

படி 2: வயரிங்

மோட்டாரின் நான்கு வயர்களில் எந்த இரண்டு ஒரு ஜோடி? இரண்டை ஒன்றாக முறுக்கிவிட்டு ஷாஃப்டைக் கையால் திருப்புங்கள், இறுக்கமாக இருந்தால் அவை ஒரே காயில். வயர் நிறத்தை நம்ப வேண்டாம், தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும்.

டிரைவரின் மோட்டார் சப்ளை பின்னுக்கு 12 வோல்ட். அதற்கும் கிரவுண்டுக்கும் நடுவே, டிரைவரை ஒட்டியே, கெபாசிட்டர். லாஜிக் சப்ளைக்கு இஎஸ்பி32இன் 3.3 வோல்ட். ரீசெட், ஸ்லீப் இரண்டையும் ஒன்றோடொன்று இணைத்துவிடுங்கள். 16 மைக்ரோஸ்டெப் வேண்டுமானால் டிரைவரில் அதைத் தேர்ந்தெடுக்கும் மூன்று எம்எஸ் பின்களும் 3.3 வோல்ட்டுக்குப் போக வேண்டும். எல்லா கிரவுண்டும் ஒன்றுசேர வேண்டும், இதை விட்டுவிட்டால் மோட்டார் நின்ற இடத்தில் நடுங்கும். ஸ்டெப், டைரக்ஷன் வயர்கள் எந்தப் பின்னுக்கு என்பது ஆன்ஸ்டெப் கான்ஃபிக் கோப்பில் நீங்கள் தேர்ந்தெடுக்கும் பின்மேப்பை (எந்த வேலைக்கு எந்தப் பின் என்ற பட்டியல்) பொறுத்தது.

ஒரு விஷயம் மட்டும் சுவரில் எழுதி ஒட்டிவையுங்கள்: பவர் இருக்கும்போது மோட்டார் வயரைப் பிடுங்கக் கூடாது. டிரைவர் அந்த நொடியே போய்விடும்.

படி 3: கரண்ட்

ஏ4988இல் உள்ள சின்னத் திருகைத் திருப்பி, மோட்டாருக்குப் போகும் கரண்ட்டின் வரம்பைத் தீர்மானிக்கும் விரெஃப் வோல்ட்டேஜை வைக்க வேண்டும். சூத்திரம்: விரெஃப் = கரண்ட் × 8 × சென்ஸ் ரெசிஸ்டர் (கரண்ட்டை அளக்க டிரைவர் போர்டில் உள்ள சின்ன ரெசிஸ்டர்). போர்டில் 0.1 ஓம் இருந்தால் 0.6 ஆம்பியருக்கு 0.48 வோல்ட். சில போர்டுகளில் 0.05 அல்லது 0.068 ஓம் வரும், ரெசிஸ்டர்மேல் உள்ள எண்ணைப் படித்துவிட்டுக் கணக்குப் போடுங்கள். குறைவாக ஆரம்பித்து, ஸ்டெப் தவறினால் மட்டும் கூட்டினால் போதும்.

படி 4: மேசைச் சோதனை

ஆன்ஸ்டெப்பில் டிகிரிக்கு 3840 என்று கொடுத்து ஏற்றுங்கள். ஷாஃப்டில் ஒரு காகிதக் கொடியை ஒட்டி, சைடீரியல் வேகத்தில், அதாவது நட்சத்திரங்களின் வேகத்தில், டிராக்கிங்கை ஆன் செய்யுங்கள் (ஒளிவிலகல் திருத்தம் அணைந்திருக்கட்டும்). மொத்தக் குறைப்பு 432 என்பதால் ஷாஃப்ட் சுமார் 199.5 விநாடிக்கு ஒரு சுற்று வர வேண்டும், பத்துச் சுற்றுக்கு 33 நிமிடம் 14 விநாடி சொச்சம். பாதி நேரத்தில் முடிந்தால் மைக்ரோஸ்டெப் 8இல் நிற்கிறது, எம்எஸ் பின்களைப் பாருங்கள். இது சரியாக வரும்வரை மவுண்ட் பக்கமே போகாதீர்கள்.

அப்புறம் இரண்டாவது மோட்டார், இதே மாதிரி.

படி 5: கணினி

ஆன்ஸ்டெப் எல்எக்ஸ்200 என்ற தொலைநோக்கிக் கட்டளைகளைப் புரிந்துகொள்ளும் என்பதால் வான வரைபட மென்பொருளான ஸ்டெல்லேரியம், தொலைநோக்கியைக் கணினியோடு இணைக்கும் இண்டி, ஆஸ்காம் எல்லாவற்றோடும் பேசும். முதலில் யுஎஸ்பி வயர், வைஃபை பிறகு. இடம், தேதி, நேரம், நேர மண்டலம் நான்கையும் சரிபாருங்கள்; மண்டலத்தின் கூட்டல் கழித்தல் குறி மாறினால் தொலைநோக்கி தரையைப் பார்க்கும். துருவ அச்சைச் சரிசெய்து, ஒரு பிரகாசமான நட்சத்திரத்தில் சிங்க் செய்து (இப்போது பார்ப்பது இந்த நட்சத்திரம்தான் என்று ஆன்ஸ்டெப்புக்குச் சொல்லி), அருகிலுள்ள இன்னொன்றுக்கு கோட்டோ கொடுங்கள். முதல் சில ஓட்டங்களில் ஒரு கை பவர் சுவிட்சிலேயே இருக்கட்டும், குழாய் ட்ரைபாடில் இடிக்கப் போனால் உடனே அணைக்கலாம்.