சி.எஸ்.ஆர். ரசீதோடு திரும்பிவிடாதீர்கள்

தமிழ்நாட்டில் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தால் சி.எஸ்.ஆர். ரசீது தருவார்கள். அதோடு கிளம்பிவிடாமல், எஃப்.ஐ.ஆர். போட்டாச்சா என்று கேட்டு, அதன் நகலையும் வாங்கிக்கொள்ளுங்கள். சி.எஸ்.ஆர். என்பது புகார் வந்து சேர்ந்ததற்கான ஒப்புகை மட்டும்தான்; வழக்கு பதிவாவது எஃப்.ஐ.ஆரில்தான். நகலை இலவசமாகவே தர வேண்டும் என்கிறது பி.என்.எஸ்.எஸ். என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173(2) பிரிவு. ஒரு ரூபாய்கூடக் கொடுக்கத் தேவையில்லை. பதிவு செய்ய மறுத்தால், புகாரின் சாரத்தை எழுதி மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்புங்கள். அப்புறமும் நடக்கவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனு போடலாம்.

அவதூறு போல, போலீஸ் பிடியாணை இல்லாமல் கைது செய்ய முடியாத குற்றங்களுக்கு இது பொருந்தாது. மூன்று முதல் ஏழு ஆண்டுக்குள் தண்டனை உள்ள குற்றம் என்றால், டி.எஸ்.பி. அனுமதியோடு, எஃப்.ஐ.ஆர். போடும் முன் 14 நாளுக்குள் முதற்கட்ட விசாரணை நடக்கலாம்.