கர்லை உங்கள் கோடுக்குள்ளிருந்து ஓட்டுவது எப்படி?

இணைய முகவரியிலிருந்து தரவை இறக்கித் தரும் கட்டளையான கர்லை டெர்மினலில் ஓட்டிப் பார்த்திருப்பீர்கள். முகவரியைக் கொடுத்து என்டர் தட்டினால் பக்கம் வந்து விழும். அதே கட்டளையை ஒரு பைத்தான் நிரலுக்குள் வைத்தாலும் முதல் நாள் ஓடிவிடும். சிக்கல் அப்புறம்தான் வரும். டெர்மினலில் கர்ல் தனியாக வேலை செய்வதில்லை, நம் கண்ணும் கூடவே இருக்கிறது. பிழை வந்தால் படிக்கிறோம், நின்றுபோனால் கன்ட்ரோல்-சி அடிக்கிறோம், வந்தது குப்பை என்றால் பார்த்ததுமே தெரிந்துவிடுகிறது. கோடுக்குள் போனதும் அந்தக் கண் கிடையாது. அது செய்துகொண்டிருந்த வேலைகளை ஒவ்வொன்றாகக் கோடுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

முதலில் ஒரு கேள்வியைத் தீர்த்துவிடலாம்: கர்லைத் தனி நிரலாகக் கூப்பிடுவதா, அதன் லைப்ரரியைப் பயன்படுத்துவதா? ஸ்வீடனைச் சேர்ந்த டேனியல் ஸ்டென்பெர்க் 1998 மார்ச்சில் கர்ல் என்ற பெயரில் இந்தக் கருவியை வெளியிட்டார். 2000-ல் அதன் உள்வேலையைப் பிரித்து லிப்கர்ல் என்ற லைப்ரரியும் வந்தது. பிஎச்பியில் உள்ள கர்ல் ஃபங்ஷன்களும் பைத்தானின் பைகர்லும் அந்த லைப்ரரியின் மேல் நிற்பவைதான். ஒரே சர்வருக்கு நூற்றுக்கணக்கான கோரிக்கைகள் போகும் என்றால் லைப்ரரியையே எடுங்கள். கர்லைத் தனியாகக் கூப்பிட்டால் ஒவ்வொரு முறையும் புது பிராசஸ், புது இணைப்பு, புது டிஎல்எஸ் கைகுலுக்கல் (பாதுகாப்பான இணைப்புக்கான தொடக்கப் பேச்சு) என்று நேரம் போகும். லைப்ரரி திறந்த இணைப்பை அப்படியே திரும்பப் பயன்படுத்தும். இரவில் ஒரு கோப்பை இறக்குவது, மணிக்கொரு முறை ஒரு ஏபிஐயை (நிரல்களுக்குத் தரவு தரும் இணையச் சேவை) கேட்பது போன்ற வேலைக்குக் கட்டளையே போதும். இந்தப் பதிவு அதைப் பற்றியது.

படி 1: கர்ல் இருக்கிறதா?

டெர்மினலில் கர்ல் --வெர்ஷன் என்று தட்டிப் பாருங்கள். மேக்கில் கூடவே வருகிறது. விண்டோஸ் 10-ல் 2018-ல் வந்த 1803 பதிப்பிலிருந்து இருக்கிறது. பழைய விண்டோஸ் பவர்ஷெல்லில் மட்டும் கர்ல் என்று தட்டினால் வேறொரு கட்டளை ஓடும், ஆகவே அங்கே பின்னால் .இ-எக்ஸ்-இ சேர்த்துத் தட்டுங்கள்.

(ஆப்ஷன்களின் பெயரையும் கோடையும் தமிழ் எழுத்தில் தருகிறேன். கணினியில் ஆங்கில எழுத்தில் தட்டுங்கள், ஆப்ஷன்கள் எல்லாம் சிறிய எழுத்து. முகவரி, முடிவு போன்ற மாறிப் பெயர்களைத் தமிழிலேயே விட்டுவிடலாம், பைத்தான் 3 ஏற்றுக்கொள்ளும்.)

படி 2: ஒரே வரியாக அல்ல, பட்டியலாகக் கொடுங்கள்

புதியவர்கள் கிட்டத்தட்ட எல்லோரும் செய்யும் தவறு இது. கட்டளை முழுவதையும் ஒரே சரமாக ஒட்டி, ஷெல்=ட்ரூ போட்டு, ஷெல் (டெர்மினலில் தட்டுவதைப் படித்து ஓட்டும் நிரல்) வழியாக ஓட்டிவிடுவார்கள். என்ன ஆகும் என்று பார்ப்போம். உங்கள் முகவரியின் கடைசியில் ?பக்கம்=2&அளவு=50 என்று இருக்கிறது. மேற்கோள் குறி போடவில்லை. லினக்ஸில் ஷெல் அந்த & குறியைப் பார்த்ததும் "இதுவரை உள்ளதைப் பின்னணியில் ஓட்டு" என்று எடுத்துக்கொள்ளும். கர்லுக்குப் போய்ச் சேர்வது பக்கம்=2 வரைதான். மீதியுள்ள அளவு=50 என்பதை ஷெல் ஒரு மாறியாக வைத்துக்கொள்ளும். பிழைச் செய்தி எதுவும் வராது. ஐம்பது வரி கேட்டீர்கள், சர்வர் தன் வழக்கப்படி இருபதோ முப்பதோ தரும். காரணம் புரியாமல் ஏபிஐயைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள்.

அந்த முகவரி பயனர் கொடுத்தது என்றால் நிலைமை இன்னும் மோசம். ஓர் அரைப்புள்ளி போட்டு அதன்பின் எந்தக் கட்டளையையும் அவரால் உங்கள் சர்வரில் ஓட்டிவிட முடியும். பைத்தானோடு வரும் சப்ப்ராசஸ் லைப்ரரிக்குப் பட்டியலாகக் கொடுத்தால் ஷெல் நடுவில் வருவதே இல்லை:

```
முடிவு = சப்ப்ராசஸ்.ரன்(
    ["கர்ல்", "--டிசேபிள்",
     "--சைலன்ட்", "--ஷோ-எரர்",
     "--ஃபெயில்", "--லொகேஷன்",
     "--புரோட்டோ", "=ஹெச்டிடிபிஎஸ்",
     "--கனெக்ட்-டைம்அவுட்", "10",
     "--மேக்ஸ்-டைம்", "60",
     "--அவுட்புட்", தற்காலிகக்_கோப்பு,
     "--யூஆர்எல்", முகவரி],
    கேப்சர்_அவுட்புட்=ட்ரூ,
    டெக்ஸ்ட்=ட்ரூ,
    டைம்அவுட்=90)
```

ஆப்ஷனும் அதன் மதிப்பும் பட்டியலில் தனித்தனி உறுப்புகள் என்பதைக் கவனியுங்கள். --டிசேபிள் என்பது அந்தக் கணினியில் யாராவது எழுதி வைத்திருக்கும் கர்ல் அமைப்புக் கோப்பைப் படிக்காதே என்று சொல்கிறது, அது முதல் ஆப்ஷனாக இருந்தால்தான் வேலை செய்யும். --சைலன்ட் முன்னேற்றக் கணக்கை மறைக்கும், ஆனால் பிழைச் செய்தியையும் சேர்த்தே மறைத்துவிடும். அதனால்தான் பக்கத்திலேயே --ஷோ-எரர். --லொகேஷன் இல்லாவிட்டால் சர்வர் வேறு முகவரிக்கு அனுப்பும்போது கர்ல் பின்தொடராது. --புரோட்டோ வரியைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். கர்லுக்கு வலைப்பக்கம் மட்டுமல்ல, கணினியில் உள்ள கோப்பையும் முகவரியாகக் கொடுத்துப் படிக்கத் தெரியும். பயனர் தரும் முகவரியை அப்படியே நம்பினால் உங்கள் சர்வரின் கோப்பையே வெளியே எடுத்துக் கொடுத்துவிடும்.

படி 3: எக்ஸிட் கோடைக் கேளுங்கள்

இந்தப் பதிவில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்கப்போகிறீர்கள் என்றால் இதைப் படியுங்கள். கர்லைப் பொறுத்தவரை சர்வரோடு பேசிப் பதில் வாங்கிவிட்டால் வேலை வெற்றி. அந்தப் பதில் "404, பக்கம் இல்லை" என்றாலும் எக்ஸிட் கோட் (நிரல் முடியும்போது தரும் எண், 0 என்றால் வெற்றி) 0-தான். எனக்கு இது நடந்தது. தினமும் ஒரு சிஎஸ்வி கோப்பை இறக்கும் ஸ்கிரிப்ட் எழுதியிருந்தேன். அந்தத் தளத்தில் கோப்பின் இடம் மாறிவிட்டது. மூன்று நாள்கள் "பக்கம் இல்லை" என்ற எச்டிஎம்எல் பக்கத்தையே .சிஎஸ்வி என்று சேமித்து, வெற்றி என்று லாக்கில் எழுதிக்கொண்டிருந்தது என் ஸ்கிரிப்ட். கோப்பைத் திறந்து முதல் வரியைப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது.

--ஃபெயில் சேர்த்தால் 400-ம் அதற்கு மேற்பட்ட பதில்களும் எக்ஸிட் கோட் 22 ஆகிவிடும். ஏபிஐ அனுப்பும் பிழை விளக்கமும் வேண்டும் என்றால் அதற்குப் பதில் --ஃபெயில்-வித்-பாடி போடுங்கள். 2021-ல் வந்த 7.76.0 பதிப்பிலிருந்து அது இருக்கிறது. மற்றபடி அடிக்கடி கண்ணில் படும் எண்கள்: 6 என்றால் பெயருக்கு முகவரி கிடைக்கவில்லை, 7 என்றால் இணைக்க முடியவில்லை, 28 என்றால் நேரம் முடிந்தது, 60 என்றால் சான்றிதழைச் சரிபார்க்க முடியவில்லை. 60 வந்தால் --இன்செக்யூர் போட்டுத் தப்பித்துவிடாதீர்கள். அதற்கப்புறம் மறுமுனையில் இருப்பது யார் என்று உங்களுக்குத் தெரியவே தெரியாது.

முடிவு.ரிட்டர்ன்கோட் 0 இல்லை என்றால் அந்த எண்ணையும் முடிவு.எஸ்டிடிஎர்ரில் வந்ததையும் லாக்கில் எழுதுங்கள். இரண்டும் வேண்டும். எண் உங்கள் கோடுக்கு, செய்தி உங்களுக்கு.

படி 4: நேரம்

கர்ல் இணைப்புக்காக வழக்கமாக 300 விநாடி காத்திருக்கும். இணைந்த பிறகு மொத்த நேரத்துக்கு வரம்பே இல்லை. எதிர்ப்பக்கம் ஒரு பைட்டும் அனுப்பாமல் இருந்தால் உங்கள் நிரலும் கூடவே உட்கார்ந்திருக்கும். மேலே உள்ள 10, 60 இரண்டும் அதற்காக. பைத்தான் பக்கம் உள்ள 90 கடைசிப் பாதுகாப்பு, அது கர்லையே நிறுத்திவிடும்.

--ரீட்ரை 3 என்று சேர்த்தால் 503, 429 போன்ற தற்காலிகக் கோளாறுகளுக்குக் கர்லே மறுபடி முயலும். முதலில் 1 விநாடி, பிறகு ஒவ்வொரு முறையும் இரட்டிப்பாகக் காத்திருக்கும். ஒன்றை மறக்காதீர்கள்: ஒவ்வொரு முயற்சிக்கும் --மேக்ஸ்-டைம் புதிதாகத் தொடங்கும். மூன்று மறுமுயற்சி என்றால் மொத்தம் நான்கு தடவை 60 விநாடி ஆகலாம், ஆகவே அந்த 90-ஐயும் உயர்த்த வேண்டும். பணம் செலுத்துவது, ஆர்டர் போடுவது போன்ற கோரிக்கைகளுக்கு இதைப் போடாதீர்கள். முதல் கோரிக்கை போய்ச் சேர்ந்து பதில் மட்டும் தொலைந்திருந்தால் ஆர்டர் இரண்டாகிவிடும்.

படி 5: டோக்கனைப் பட்டியலில் வைக்காதீர்கள்

கட்டளையின் ஆர்க்யுமென்ட்டுகளை அதே கணினியில் உள்ள மற்றவர்கள், ஓடும் நிரல்களைக் காட்டும் பிஎஸ் கட்டளையால் பெரும்பாலும் பார்க்க முடியும். டோக்கனை (நீங்கள் யார் என்று ஏபிஐக்குக் காட்டும் ரகசியச் சரம்) --ஹெடரில் போட்டால் கர்ல் ஓடும் நேரம் முழுக்க அது அங்கே தெரியும். பதிலாக, பட்டியலில் "--கான்ஃபிக்", "-" என்று இரண்டு உறுப்புகளைச் சேருங்கள். அமைப்பை ஸ்டேண்டர்ட் இன்புட்டிலிருந்து படி என்று அர்த்தம். பிறகு ரன்னுக்குள் இன்புட்= என்று இந்த வரியைக் கொடுங்கள்:

```
ஹெடர் = "ஆத்தரைசேஷன்: பேரர் டோக்கன்"
```

அனுப்ப வேண்டிய தரவும் அதே வழியில் போகிறது என்றால் இரண்டும் மோதும். அப்போது தரவை ஒரு கோப்பில் வையுங்கள்.

படி 6: கோப்பை இடம் மாற்றுங்கள்

தற்காலிகப் பெயரில் இறக்கி, எக்ஸிட் கோட் 0 என்றால் மட்டும் ஓஎஸ்.ரீபிளேஸ் மூலம் உண்மைப் பெயருக்கு மாற்றுங்கள். இரண்டும் ஒரே டைரக்டரியில் இருக்கட்டும். பாதி இறங்கிய கோப்பை வேறு நிரல் படித்துவிடும் ஆபத்து போய்விடும்.

ஏற்றும் முன்

ஒவ்வொரு தவறையும் வேண்டுமென்றே வரவழையுங்கள். .இன்வேலிட் என்று முடியும் முகவரி எதுவும் இணையத்தில் இருக்காது, அதற்கென்றே ஒதுக்கப்பட்டது. அதைக் கொடுத்தால் 6 வர வேண்டும். லோக்கல்ஹோஸ்டில் யாரும் கேட்காத போர்ட்டுக்கு 7. இருக்கும் தளத்தில் இல்லாத பக்கத்துக்கு 22. பெரிய கோப்பு ஒன்றை --மேக்ஸ்-டைம் 1 போட்டு இறக்கினால் 28. நான்கும் உங்கள் லாக்கில் எழுதப்பட்டு, நான்கு முறையும் பழைய கோப்பு கலையாமல் இருந்தால் சர்வரில் ஏற்றுங்கள்.