பழைய ஹாலிவுட் நட்சத்திரங்களை ரசிக்கத் தொடங்குவது எப்படி?

பழைய ஹாலிவுட் நடிகர்களை முதன்முறை பார்ப்பவர்கள் வழக்கமாகச் சொல்லும் குறை, அவர்கள் மிகையாக நடிக்கிறார்கள், துள்ளித் துள்ளி ஓடுகிறார்கள் என்பதுதான். இதில் துள்ளலுக்கு நடிகர் பெரும்பாலும் பொறுப்பல்லர். மௌனப் படக் காலத்துக் கேமராவைக் கையால் சுழற்றி, வினாடிக்கு ஏறத்தாழ 16 முதல் 24 சட்டகங்கள் (ஃபிரேம்கள்) வரை வெவ்வேறு வேகங்களில் பதிவு செய்தார்கள். மெதுவான வேகத்தில் எடுத்த படத்தைப் பின்னாளில் பேசும் படத்துக்கென நிலைபெற்ற 24 சட்டக வேகத்தில் ஓட்டினால், அழுகைகூட வேடிக்கையாகிவிடும். ஆகவே வேகம் சரிசெய்யப்பட்டு மீட்டெடுக்கப்பட்ட பிரதியைத் தேடிப் பிடிப்பதே முதல் வேலை. இசையுள்ள பிரதியாகவும் அது இருக்கட்டும். அன்றைய அரங்குகளில் பியானோவோ ஆர்கனோ முழு இசைக்குழுவோ ஒலிக்க, அதனுடன் சேர்ந்தே மக்கள் இந்தப் படங்களைப் பார்த்தார்கள்.

நகைச்சுவை நடிகர்களிலிருந்து தொடங்குவது எளிது. 1928இல் வெளிவந்த 'ஸ்டீம்போட் பில் ஜூனியர்' படத்தில், புயலில் ஒரு வீட்டின் முகப்புச் சுவர் முழுவதும் பெயர்ந்து பஸ்டர் கீட்டன் மீது சாய்கிறது. மாடிச் சன்னலின் திறப்பு சரியாக அவர் நின்ற இடத்தில் வந்து விழுவதால் தப்புகிறார். அது தந்திரக் காட்சி அன்று, கனத்த சுவர் உண்மையாகவே விழுந்தது. அந்தக் காட்சியை முதல் தடவை சிரித்துவிட்டுப் போகலாம். இரண்டாம் தடவை சுவரை விட்டுவிட்டு, கீட்டனின் தோள்களையும் முகத்தையும் மட்டும் கவனியுங்கள்: வருவதை அறிந்த மனிதரின் இறுக்கம் எங்கும் தெரியாது. 'சேஃப்டி லாஸ்ட்' (1923) படத்தில் கடிகார முள்ளைப் பிடித்துத் தொங்கும் ஹரால்ட் லாய்டின் வலக்கையையும் இப்படிப் பார்க்கலாம். 1919இல் நேர்ந்த வெடிவிபத்தில் கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் இழந்த கை அது. கையுறைக்குள் அந்தக் குறை மறைந்திருக்கிறது.

சோகப் படங்களுக்குப் பொறுமை கூடுதலாக வேண்டும். 'ப்ரோக்கன் ப்ளாசம்ஸ்' (1919) படத்தில் சீனராக வெள்ளை நடிகர் வேடமிட்டிருப்பது இன்று உறுத்தும், உறுத்தவும் வேண்டும். ஆனால் அதில் லிலியன் கிஷ் நடிப்பைத் தவறவிடக் கூடாது. அடிக்கும் தந்தை சிரிக்கச் சொல்ல, சிரிப்பு வராத அந்தப் பெண் இரு விரல்களால் உதட்டோரங்களை மேலே தள்ளிச் சிரிப்பை உண்டாக்குகிறாள். அப்போதும் கண்கள் அதில் சேர்வதில்லை. மௌன நடிப்பு என்றால் கையை வீசுவது என்று நினைப்பவர்களுக்கு இந்த ஒரு காட்சியே போதுமான பதில்.

பேசும் படங்களுக்கு வரும்போது பார்க்கும் முறையைச் சற்று மாற்றிக்கொள்ள வேண்டும். நீண்ட கால ஒப்பந்தத்தில் நடிகர்களை வைத்திருந்த ஸ்டுடியோக்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு பிம்பத்தை வளர்த்தன. எனவே தனிப் படத்தைவிட, ஒருவரின் சில படங்களை அடுத்தடுத்துப் பார்ப்பதே பலன் தரும். என் தேர்வு நடிகை பார்பரா ஸ்டான்விக். முதலில், ஆண்களை மயக்கி மேலே ஏறும் பெண்ணாக அவர் நடித்த 'பேபி ஃபேஸ்' (1933). தணிக்கையில் வெட்டுப்படாத பிரதி 2004இல் கண்டெடுக்கப்பட்டது, அதையே பாருங்கள். 1934இல் தணிக்கை விதிகள் கறாரான பிறகு, இவ்வளவு வெளிப்படையான பாத்திரம் அவருக்கு அமைவது அரிதாயிற்று. அடுத்து 'தி லேடி ஈவ்' (1941). உணவுக்கூடத்தில் ஹென்றி ஃபாண்டாவைக் கவர முயலும் பெண்களைக் கைக்கண்ணாடியில் பார்த்தபடி, அவர்களுக்காகத் தானே வசனம் பேசுவார். குரலின் ஏற்ற இறக்கமே அங்கே நகைச்சுவை. மூன்றாவதாக 'டபுள் இன்டெம்னிட்டி' (1944). காருக்குள் கணவன் கொல்லப்படும்போது கேமரா கொலையைக் காட்டாமல் சாலையை நோக்கியிருக்கும் மனைவியான ஸ்டான்விக்கின் முகத்திலேயே நிற்கிறது. அங்கே ஒலியை அணைத்துவிட்டு ஒருமுறை பாருங்கள். மௌனப் படத்தைப் பார்த்துப் பழகிய கண் எங்கே உதவுகிறது என்பது புரியும்.