சுன்னாகத்தில் நின்று பார்க்க: கீரிமலை, கந்தரோடை, நிலாவரை

விடுமுறைக்கு யாழ்ப்பாணத்துக்கு வருபவர்களில் பலர் நல்லூர், கோட்டை, நயினாதீவு என்று பார்த்துவிட்டு, மிச்ச நாளைச் சொந்தக்காரர் வீடுகளில் கழித்துவிடுகிறார்கள். குடாநாட்டின் வடமேற்குப் பகுதியான வலிகாமத்தின் பழமை அவர்கள் கண்ணில் படுவதேயில்லை. யாழ்ப்பாண நகரத்திலிருந்து காங்கேசன்துறை வீதியால் பத்துக் கிலோமீற்றர் வந்தால் சுன்னாகம். செம்பாட்டுத் தோட்டங்களுக்கு நடுவிலுள்ள சந்தைப் பட்டினம். இங்கே நின்றால் எல்லாம் கிட்ட.

2015 தை தொடக்கம் ரயில் மறுபடியும் காங்கேசன்துறை வரை ஓடுகிறது. சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பழை, மாவிட்டபுரம் எல்லாம் அந்தப் பாதையில்தான். ஆனால் நாளுக்குச் சில ரயில்கள்தான் உண்டு. அதை நம்பிச் சுற்றப் போனால் பாதி நாள் ஸ்ரேசனில் போய்விடும். காங்கேசன்துறை வீதியில் பஸ் அடிக்கடி வரும். பழைய பௌத்தத் தூபிகள் உள்ள கந்தரோடைக்கும் ஆழக் கிணறான நிலாவரைக்கும் ஓட்டோதான் வசதி. ஏறுமுன் இடங்களையும் காத்து நிற்கும் நேரத்தையும் சொல்லி, மொத்தக் காசைப் பேசிக்கொள்ளுங்கள். “அங்க போய்ப் பாப்பம்” என்று ஏறினால் இறங்கும்போது சண்டைதான் மிஞ்சும்.

எந்த இடத்துக்கு எப்போது போவது என்பதில்தான் முழுக் காரியமும் இருக்கிறது. கோவில்கள் மத்தியானப் பூசையோடு நடை சாத்திவிடும், பின்னேரம் நாலு மணிவாக்கில்தான் திறக்கும். ஆகவே கடலோரமும் கோவில்களும் காலையில், கந்தரோடை பின்னேரம்.

விடிய ஆறரைக்கே கீரிமலையில் நில்லுங்கள். கடலுக்கும் கேணிக்கும் இடையில் ஒரு மதில்தான், ஆனால் கேணிக்குள் ஊறுவது நன்னீர். குடாநாட்டின் அடியில் கிடப்பது சுண்ணாம்புக்கல். மழைத்தண்ணீர் அதன் வெடிப்புகளால் இறங்கி, நிலத்துக்குக் கீழே ஓடி, இங்கே கரையில் வெளிவருகிறது. ஆண்களுக்குத் திறந்த கேணி, பெண்களுக்கு மறைப்புள்ள தனிக் கேணி. படிகளில் பாசி பிடித்திருக்கும். பிள்ளைகளைக் கையில் பிடித்தே இறக்குங்கள், மதிலில் ஏறிக் குதிக்க விடாதீர்கள். சவுக்காரம், ஷாம்பு போடவேண்டாம். துவாயும் மாற்று உடுப்பும் கொண்டுபோங்கள்.

பக்கத்தில் நகுலேஸ்வரம். போர்த்துக்கேயர் இடித்து, பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் திரும்பக் கட்டப்பட்டு, 1990இல் குண்டுவீச்சில் சிதைந்து, மறுபடி எழுந்த கோவில். பழைய கட்டடத்தைத் தேடாதீர்கள், அங்கே பழையது இடம்தான். தாய் தகப்பனின் அந்தியேட்டியை, அதாவது இறந்தபின் செய்யும் கிரியையை, கீரிமலையில் செய்ய நினைத்து வருபவர்கள், வெளிக்கிட முன்னரே உறவினர் மூலம் குருக்களோடு பேசி நாளை முடிவு செய்யுங்கள். இறந்தவரின் பெயர், நட்சத்திரம், திதி மூன்றையும் எழுதிக்கொண்டு வாருங்கள். வெளிநாட்டில் இறந்திருந்தால் அந்த நாட்டு நேரத்தையும் சொல்லுங்கள், இல்லையென்றால் திதி ஒரு நாள் பிசகலாம். ஆடி அமாவாசையன்று பிதிர்க்கடன் செய்ய ஊரே திரளும். வாகனத்தைத் தூரத்தில் விட்டு நடக்க வேண்டிவரும்.

திரும்பி வரும் வழியில் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோவில். ஆண்கள் மேற்சட்டையைக் கழற்றித்தான் உள்ளே போகவேண்டும். வேட்டி கட்டுவது நல்லது, அரைக்காற்சட்டை வேண்டவே வேண்டாம். 1968இல் ஒடுக்கப்பட்ட சமூகத்தவர் உள்ளே போகும் உரிமைக்காக இந்த வாசலில்தான் போராடினார்கள். வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளைகளுக்குத் தேரையும் கோபுரத்தையும் காட்டும்போது இதையும் சொல்லிக் கொடுங்கள். தெல்லிப்பழை துர்க்கை அம்மன் கோவிலும் இதே வழிதான். செவ்வாய்க்கிழமை சனம் அதிகம்.

மத்தியானம் வெயிலில் திரியாமல் சாப்பிட்டுச் சாய்ந்துவிட்டு, நாலு மணிக்குக் கந்தரோடைக்கு வெளிக்கிடுங்கள். சுன்னாகம் சந்தியிலிருந்து மேற்கே இரண்டு கிலோமீற்றர் அளவு. இங்கே செருப்பைக் கழற்ற வேண்டும். மத்தியானம் போனவர்கள் மணல் சுட்டு, ஐந்து நிமிடத்தில் வாகனத்துக்குள் ஓடிவந்துவிடுகிறார்கள்.

முருகைக்கல்லால், அதாவது பவளப்பாறைக் கல்லால், கட்டிய சிறு தூபிகள் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக நெருங்கி நிற்கின்றன. சில ஆளுயரத்தைத் தாண்டும், சிலது இடுப்பளவும் வராது, சிலவற்றில் அடித்தள வட்டம் மட்டும்தான் மிச்சம். கிட்டப்போய்க் கல்லைப் பாருங்கள்: முருகையின் துளைகளும் வரிகளும் அப்படியே தெரியும். மேற்பகுதிகள் பல பின்னாளில் திருத்திக் கட்டப்பட்டவை. 1917ஆம் ஆண்டளவில் வரலாற்றாசிரியர் போல் பீரிஸ் இங்கே ஆய்வு செய்தார். 1970இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தினர் வெட்டிய குழிகளில் கறுப்புச் சிவப்பு மட்பாண்டங்கள் கிடைத்தன; தூபிகளுக்கு முந்திய பெருங்கற்காலக் குடியிருப்பின் சாட்சி அவை. பிராமி எழுத்துள்ள ஓடு, உரோம நாணயம், இலட்சுமி நாணயம் எல்லாம் இந்த ஊர் மண்ணிலிருந்து வந்தவை. தமிழரிடையே பௌத்தம் இருந்த காலத்தை விட்டுவிட்டு இந்த இடத்தை விளங்க முடியாது. அறிவிப்புப் பலகையோடு நின்றுவிடாமல் நாவலர் வீதியிலுள்ள தொல்பொருள் நூதனசாலைக்கும் ஒருநாள் போங்கள். தூபிகளில் ஏறவோ சாயவோ கூடாது, ட்ரோனை எடுக்கவே வேண்டாம். மாரிகாலமென்றால் கந்தரோடைப் பக்கம் வழுக்கையாறு ஓடுவதையும் காணலாம். கோடையில் அது வெறும் வாய்க்கால்.

நிலாவரையை இன்னொரு காலைக்கு வையுங்கள். புத்தூர் வீதியால் கிழக்கே போனால் நவக்கிரியில் இருக்கிறது. சுண்ணாம்புக்கல் இடிந்து உண்டான பள்ளம், ஐம்பது மீற்றருக்கு மேல் ஆழம். மேலே நன்னீர், கீழே போகப்போக உப்பு. பாரம் குறைந்த நன்னீர் உவர்நீரின் மேல் மிதக்கிறது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உப்பு மேலேறும். குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றுக்கும் இதுதான் விதி. குளிக்க இறங்காதீர்கள். உயிர்கள் போன கிணறு இது.

1990இல் போரால் விட்டுப்போன வீட்டையோ காணியையோ பார்க்க வலிகாமம் வடக்குக்குப் போகிறவர்களுக்கு: படையினர் பிடித்திருந்த காணிகள் கட்டம் கட்டமாகத்தான் விடப்பட்டன, சில இன்னும் படைவேலிக்குள். முதலில் அந்தப் பகுதிக் கிராம அலுவலரிடம் கேளுங்கள், காணி உறுதியின் பிரதியைக் கையில் வைத்திருங்கள். கண்ணிவெடியை எச்சரிக்கும் மண்டையோட்டுப் படம் போட்ட பலகையோ நாடாவோ கண்டால் அதற்கு அங்கால் ஒரு அடியும் வைக்காதீர்கள். படைமுகாமைப் படமெடுக்க வேண்டாம். பற்றை மூடிய வளவுகளில் கட்டு இடிந்த பழங்கிணறுகள் மறைந்து கிடக்கும். அயலில் குடியிருக்கும் ஒருவரை முன்னே விட்டு, தடியால் தட்டித் தட்டி நடவுங்கள்.