ஒரு டச்சுக் காளையை வாட்டர்கலரில் வரைவது எப்படி?

டச்சு ஓவியர் பவுலஸ் பாட்டர் 1647-இல் வரைந்த ‘இளங்காளை’ இன்று ஹேக் நகரின் மவுரிட்ஸ்ஹவுஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உயரம் சுமார் 2.36 மீட்டர், அகலம் 3.39 மீட்டர். ஒரு மாட்டுக்கு இவ்வளவு பெரிய படம்! நமக்கு ஏ4 தாள் போதும்.

வாங்க வேண்டியவை: 300 ஜிஎஸ்எம் தாள் (தடிமனான வாட்டர்கலர் தாள்), 2பி பென்சில், 4, 10 எண் பிரஷ்கள், மூன்று வண்ணங்கள்: யெல்லோ ஓக்கர் (மண் மஞ்சள்), பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு), அல்ட்ராமரின் ப்ளூ (அடர் நீலம்).

1. தாளின் அடியிலிருந்து கால் பங்கு உயரத்தில் தொடுவானக் கோடு போடுங்கள். நடுவில் வேண்டாம். கோடு தாழ்ந்தால், புல்லில் உட்கார்ந்து அண்ணாந்து பார்க்கும் உணர்வு வரும். மாட்டின் முதுகு வானத்தில் எழும். பாட்டரின் காளைக்கு வந்த கம்பீரத்தில் பாதி இந்தக் கோடு கொடுத்ததுதான் என்பேன்.

2. உடலுக்கு ஒரு செவ்வகம். அதன் உயரம் எவ்வளவோ, கிட்டத்தட்ட அவ்வளவே கால்களுக்கு. நீட்டினால் குதிரையாகிவிடும். காங்கேயம் மாட்டைப் பார்த்துப் பழகிய கை, கேட்காமலே திமில் போடும். அழித்துவிடுங்கள். டச்சு மாட்டுக்குத் திமில் கிடையாது.

3. பின்னங்கால்தான் எல்லோரும் சறுக்கும் இடம். என் முதல் மாடு நாற்காலி தேடுவதுபோல் நின்றது. பின்பக்கம் துருத்திக்கொண்டு தெரிவது முழங்கால் அல்ல, குதிகால். முழங்கால் மேலே, வயிற்றை ஒட்டி, முன்னோக்கி மடங்கியிருக்கும். இதைப் புரிந்துகொள்ள மட்டும் பத்துத் தடவை தனியாக வரைந்து பாருங்கள்.

4. பாட்டரின் படத்தில் காளையோடு இருக்கும் படுத்த பசு, ஆடுகள், மரத்தை ஒட்டி ஒரு விவசாயி எல்லாம் பிறகு. பாட்டரும் முதலில் காளையை மட்டும் வைத்துத் தொடங்கி, பின்னால் கேன்வாஸில் ஒட்டுப்போட்டுப் பெரிதாக்கியவர்தான்.

5. வானப் பகுதியை நனைத்து, கீழே ஓக்கர், மேலே நீலம். இரண்டும் கலந்தால் பச்சையாகும். அதனால் இடையில் தாளின் வெள்ளையைக் கொஞ்சம் அப்படியே விடுங்கள். நன்றாகக் காயட்டும். காளைக்கு நீர்த்த சியன்னா. அது காய்ந்தபின், வயிற்றடிக்கும் அந்தப் பக்கத்துக் கால்களுக்கும் சியன்னாவில் நீலம் கலந்து அடர்த்தியாக. கறுப்பு டியூபைத் தொடாதீர்கள், நிழல் செத்துவிடும். புல்லுக்கு ஓக்கரும் நீலமும். தூரம் போகப் போகத் தண்ணீர் கூட்டுங்கள்.

6. கடைசியாக ஈக்கள். பாட்டர் அவற்றையும் விட்டுவைக்கவில்லை. 4-ஆம் எண் பிரஷின் நுனியால் நாலைந்து புள்ளி போதும். அதற்கு மேல் போனால் மாட்டுக்கு அம்மை போட்டதுபோல் ஆகிவிடும்.