குழந்தைகள் மருத்துவ நிதிக்கு இன்டோர் சைக்கிளிங்: ஏற்பாடு செய்வது எப்படி?

இன்டோர் சைக்கிளிங் என்றால் அறைக்குள் நின்ற இடத்திலேயே சுற்றும் சைக்கிளை மிதிப்பது. அணிகள் மாறி மாறி மிதிக்கும், அதை ஆதரிப்பவர்கள் நன்கொடை தருவார்கள். பணம் எதற்கு என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். 'குழந்தைகள் நலத்துக்காக' என்று மொட்டையாகக் கேட்டால் கொடுப்பவர் தயங்குவார். 'பச்சிளங்குழந்தைகளின் மஞ்சள் காமாலைக்கு ஒளிச்சிகிச்சைக் கருவி' என்றால் பணம் எங்கே போகிறது என்று அவருக்குத் தெரியும். அந்தக் கருவி தேவைதானா, பராமரிப்பு யார் பொறுப்பு என்று மருத்துவமனையிடம் எழுத்தில் வாங்குங்கள். பழுது பார்க்க ஆளில்லாத கருவி மூலையில்தான் கிடக்கும். நன்கொடைப் படிவத்தில் 'தொகை மிஞ்சினால் அதே பிரிவின் பிற தேவைகளுக்கு' என்ற வரியும் இருக்கட்டும்.

'கிலோமீட்டருக்கு இவ்வளவு தருகிறேன்' என்று நன்கொடையாளரிடம் வாக்குறுதி வாங்காதீர்கள். நின்ற இடத்திலேயே சுற்றும் சைக்கிளில் திரை காட்டும் தூரம் வெறும் கணக்கீடு. மாடலுக்கு மாடல் மாறும். பல மாடல்களில் பெடலின் இறுக்கத்தைத் தளர்த்தி வேகமாகச் சுற்றினாலே தூரம் ஏறிவிடும். சண்டை வராத அளவுகோல் நேரம்தான். 'நான்கு மணி நேரம் எங்கள் சீட் காலியாகாது' என்பதே ஒவ்வோர் அணியின் சவாலாக இருக்கட்டும்.

12 சைக்கிள், 4 மணி நேரம், ஒரு சுற்று 30 நிமிடம் என்றால் மொத்தம் 96 சுற்றுகள். சைக்கிளுக்கு நான்கு பேர் வீதம் 48 பேர் போதும். ஒருவர் இரண்டு முறை ஏறுவார், நடுவில் 90 நிமிட ஓய்வு கிடைக்கும். கடைசி நேரத்தில் வராமல் போகிறவர்களுக்காக ஐந்தாறு மாற்று ஆட்களைக் கையில் வைத்திருங்கள்.

ஆள் மாறும்போதுதான் நேரம் வீணாகும், தவறும் நடக்கும். ஆகவே சீட் அளவை முன்னதாகவே எடுத்துவிடுங்கள். சைக்கிளுக்குப் பக்கத்தில் நின்றால் சீட் இடுப்பெலும்பு உயரத்தில் இருக்க வேண்டும். ஏறி உட்கார்ந்து, கீழே வந்த பெடலில் குதிகாலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும். முன்பாதத்தை வைத்தால் முழங்கால் லேசாக மடங்கும். சீட் தாழ்ந்தால் முழங்காலின் முன்பக்கம் வலிக்கும்; உயர்ந்தால் இடுப்பு இப்படியும் அப்படியும் ஆடும். இரண்டு பெடல்களும் ஒரே மட்டத்தில் நிற்கும்போது முன்காலின் முழங்கால் பெடல் அச்சுக்கு நேர் மேலே வரட்டும். புதியவர்களுக்கு ஹேண்டில்பார் சீட்டைவிடச் சற்று உயரமாக இருந்தால் முதுகு தாங்கும். சீட் தண்டில் உள்ள எண்களை ஓர் அட்டையில் எழுதி அவரவர் கையில் கொடுங்கள். அளவு மாற்றியதும் பூட்டு முள் துளைக்குள் முழுதாக விழுந்ததா என்று சீட்டை அசைத்துப் பார்க்க வேண்டும்.

ஸ்பின் பைக் எனப்படும் இந்தச் சைக்கிள்கள் பலவற்றில் காலை நிறுத்தினாலும் பெடல் நிற்காது. ஃப்ளைவீல் என்ற கனமான சக்கரம் காலையும் சேர்த்துச் சுழற்றும். இது தெரியாமல் காலை வெளியே எடுத்தால் பெடல் கணுக்காலில் அடிக்கும். அவசரத்துக்கு இறுக்கத்தை மாற்றும் குமிழை அழுத்தி நிறுத்துவதை ஒவ்வொருவரையும் ஒரு முறை செய்து காட்டச் சொல்லுங்கள். ஷூ கயிறு உள்ளே செருகியிருக்க வேண்டும். வேடிக்கை பார்க்க வரும் சிறு பிள்ளைகள் சக்கரத்தில் விரலை விடுவார்கள், அதனால் கயிறு கட்டித் தூரத்தில் நிறுத்துங்கள்.

அறைச் சூட்டைப் பலரும் குறைத்து மதிப்பிடுகிறார்கள். உடல் செலவழிக்கும் ஆற்றலில் கால்வாசிக்கும் குறைவுதான் பெடலுக்குப் போகிறது, மிச்சம் வெப்பம். 150 வாட்டில் மிதிப்பவர் ஏறக்குறைய 500 வாட் வெப்பத்தை வெளிவிடுவார். 12 பேர் என்றால் 6 கிலோவாட்! காற்று முகத்தில் படும்படி மின்விசிறிகளை வையுங்கள், ஜன்னல்களைத் திறந்துவிடுங்கள். ஒருவருக்கு ஒரு மணி நேரத்துக்கு அரை லிட்டர் முதல் முக்கால் லிட்டர் வரை தண்ணீர் வேண்டும்.

நெஞ்சுவலி, மயக்கம், இதய நோய், கர்ப்பம் பற்றிப் பதிவுப் படிவத்திலேயே கேளுங்கள். முதலுதவி தெரிந்த ஒருவர் மிதிக்காமல் கடைசிவரை அரங்கில் இருக்க வேண்டும். பழக்கமில்லாதவர்கள் உற்சாகத்தில் எல்லை மீறினால் தசை நார்கள் சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும். ஓரிரு நாளில் தொடை வீங்கிக் கடுமையாக வலித்தாலோ, சிறுநீர் கறுத்துப் போனாலோ உடனே மருத்துவமனைக்குப் போகச் சொல்லி, இதைச் சீட் அளவு அட்டையின் பின்பக்கம் அச்சிடுங்கள். பேச்சு தடைபடாத வேகமே புதியவர்களுக்குப் போதும். பயிற்றுநரும் மைக்கில் அதையே திரும்பத் திரும்பச் சொல்லட்டும்.

வாக்குறுதித் தொகையை நிகழ்ச்சிக்கு முன்பே வசூலித்துவிடுங்கள். முடிந்தபின் கேட்டால் பாதி வருவதே பாடு. தனி வங்கிக் கணக்கு வேண்டும். உண்டியல் பணத்தை இருவர் எண்ணி, இருவரும் கையெழுத்திட வேண்டும். நோயுற்ற குழந்தைகளின் படத்தைப் பெற்றோரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் விளம்பரத்தில் போடவே கூடாது. கருவி பொருத்தப்பட்டதும் வரவு செலவையும் மருத்துவமனை தந்த ரசீதின் நகலையும் பணம் கொடுத்த எல்லோருக்கும் அனுப்புங்கள்.