ஸ்க்ரூடிரைவரை எடுக்கும் முன்: லேப்டாப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வடசென்னை தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவில் யாருடைய லேப்டாப் மக்கர் செய்தாலும், கடைக்குப் போகும் முன் ஒருமுறை என் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள். நான் மெக்கானிக் இல்லை, பழகிப்போனவன். வருகிறவற்றில் பல, வீட்டில் யாரோ ஏற்கெனவே கை வைத்துப் பார்த்தவை. முதலில் வந்த பழுதைவிட, கை வைத்ததால் வந்த பழுதைச் சரிசெய்யத்தான் அதிக நேரம் போகிறது.

"ஆன் ஆகவில்லை" என்றதும் கீழ் மூடியைக் கழற்றுகிறார்கள். அவசரம் வேண்டாம். அடாப்டரை வேறு பிளக்கில் போட்டுப் பாருங்கள். லைட் எரிந்து, ஃபேன் ஓடி, திரை மட்டும் கறுப்பாக இருந்தால் எச்டிஎம்ஐ கேபிளில் டிவியோடு இணையுங்கள். டிவியில் படம் வந்தால் கோளாறு பெரும்பாலும் திரையிலோ அதன் கேபிளிலோதான், மதர்போர்டில் (உள்ளே எல்லாவற்றையும் இணைக்கும் முக்கியப் பலகை) இல்லை. எதுவுமே அசையவில்லையா? அடாப்டரைப் பிடுங்கி, கழற்றக்கூடிய பேட்டரி என்றால் அதையும் எடுத்துவிட்டு, பவர் பட்டனை 30 வினாடி அழுத்திப் பிடியுங்கள். போர்டில் தங்கிய மின்சாரம் வடிந்ததும் எழுந்துகொள்கிற லேப்டாப்கள் உண்டு.

அடாப்டர் என்றதும் ஞாபகம் வருகிறது. பின் உள்ளே போகிறது என்பதற்காக அண்ணன் லேப்டாப் சார்ஜரைத் தம்பி லேப்டாப்பில் செருகாதீர்கள். ஒன்று 19 வோல்ட், இன்னொன்று 19.5, வேறொன்று 20 என்று இருக்கும். லேப்டாப்பின் அடியில் அச்சிட்டிருக்கும் வோல்ட்டும் அடாப்டரின் வோல்ட்டும் ஒன்றாக இருக்க வேண்டும். ஆம்பியர் கூடுதலாக இருந்தால் பரவாயில்லை, குறையக் கூடாது. வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட். 65 வாட் கேட்கிற லேப்டாப்பில் 45 வாட் அடாப்டரைப் போட்டுவிட்டு, பேட்டரி செத்துவிட்டது என்று புதுப் பேட்டரி வாங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் இருப்பவர்களுக்குத் தனியாக ஒரு தொல்லை. ஜன்னல் கம்பியை அரிக்கிற உப்புக்காற்று ராமின் (மதர்போர்டில் செருகும் சின்ன நினைவகப் பலகை) தங்கநிறப் பற்களை மட்டும் விட்டுவைக்குமா? அதில் படிகிற அழுக்கால்தான் பல சமயம் திரை வராமல் போகிறது. ராமை எடுத்து, பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகளை ஊதிவிட்டுத் திரும்பச் செருகினால் போதும். துருவுக்கு அடிக்கிற ஸ்ப்ரே, கை கழுவும் சானிடைசர் எதுவும் வேண்டாம். சானிடைசரில் தண்ணீரும் பிசுபிசுப்பும் இருக்கும். துடைத்தே ஆக வேண்டுமென்றால் 99 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹால் வாங்குங்கள்.

சரி, வேகம் கூட்டுவதற்கு வருவோம். 2011இல் தொடங்கி அரசு மாணவர்களுக்குக் கொடுத்த லேப்டாப் இன்னும் பல வீடுகளில் ஓடுகிறது. அந்தப் பழைய லேப்டாப்களில் இருப்பது சுழலும் ஹார்ட் டிஸ்க். அதை வைத்துக்கொண்டு ராமை மட்டும் கூட்டினால் காசுக்கேற்ற வித்தியாசம் தெரியாது. முதல் செலவு எஸ்எஸ்டியாக (சுழலும் தட்டு இல்லாத, வேகமான டிஸ்க்) இருக்கட்டும், 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி அப்படியே அந்த இடத்தில் உட்காரும். புதிய லேப்டாப்பில் எம்.2 இடம் (பட்டைபோன்ற எஸ்எஸ்டியைச் செருகும் இடம்) இருந்தால் வேறொரு சிக்கல் காத்திருக்கிறது. பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் அதில் சாட்டா, என்விஎம்இ என்று இரண்டு இணைப்பு வகை. உங்கள் லேப்டாப் எதை ஏற்கும் என்று பார்க்காமல் வாங்கினால், செருகிய பிறகும் டிஸ்க்கே இல்லை என்று சொல்லும்.

ராமிலும் அதே கதைதான். லேப்டாப் ராமில் டிடிஆர்3, 4, 5 என்று தலைமுறைகள் உண்டு: டிடிஆர்3க்கு 204 பின், டிடிஆர்4க்கு 260, டிடிஆர்5க்கு 262. நடுவிலுள்ள வெட்டும் இடம் மாறும். போகவில்லை என்றால் அழுத்தாதீர்கள், அது அந்த இடத்துக்கு உரியதே இல்லை. வாங்கப் போகும்போது பழைய ராமைக் கையோடு கொண்டு போங்கள். இங்கே மெட்ரோ ஏறி அரசினர் தோட்டத்தில் இறங்கினால் கம்ப்யூட்டர் பாகக் கடைகள் நிறைந்த ரிச்சி தெரு நடக்கிற தூரம்தான், ஆனால் மாற்றுவதற்காக இரண்டாம் முறை போவது எரிச்சல். சில மெல்லிய லேப்டாப்களில் ராம் போர்டோடு பற்றவைத்திருக்கும், அங்கே செய்வதற்கு ஒன்றுமில்லை. அப்புறம், விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் இல்லாத பழைய லேப்டாப்பில் விண்டோஸ் 11ஐ முறைப்படி ஏற்ற முடியாது. விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இன்னொரு இயங்குதளத்தைப் போட்டுக்கொள்ளச் சம்மதமா என்று யோசித்துவிட்டுச் செலவு செய்யுங்கள்.

நான் கெடுத்த முதல் லேப்டாப் என் அக்காவுடையது. ஸ்க்ரூ எல்லாவற்றையும் ஒரே கிண்ணத்தில் போட்டேன். மூடும்போது நீளமான ஒன்று குட்டையானதன் இடத்துக்குப் போய்விட்டது. டச்பேடுக்குப் பக்கத்தில் கொப்புளம்போல ஒரு புடைப்பு. இன்றைக்கும் நான் எதையாவது பிரிக்க உட்கார்ந்தால் அக்கா அதைத் தடவிக் காட்டுவாள். இப்போதெல்லாம் ஒரு அட்டையில் லேப்டாப்பின் அடிப்பக்கத்தை வரைந்து, கழற்றிய ஸ்க்ரூவை அந்தந்த இடத்தில் டேப் போட்டு ஒட்டிவிடுகிறேன். மூடி திறந்ததும் முதல் வேலை பேட்டரி கனெக்டரைக் கழற்றுவது. ராம், எஸ்எஸ்டி எல்லாம் அதற்குப் பிறகுதான். பட்டைக் கேபிளை இழுக்கும் முன் அதன் சின்னத் தாழ்ப்பாளைத் தூக்குங்கள்.

எண்ணூர் நெடுஞ்சாலை லாரிப் புழுதி ஃபேனில் கம்பளிபோலப் படியும். ப்ளோயரால் ஊதும்போது இறக்கையை ஒரு குச்சியால் பிடித்துக்கொள்ளுங்கள், சும்மா விட்டால் தறிகெட்டுச் சுற்றிப் பழுதாகும். கேரம் போர்டுக்குப் பக்கத்தில் லேப்டாப்பில் பாட்டுப் போடுகிறவர்களே, அந்தப் பவுடரையும் ஃபேன்தான் இழுக்கிறது.

டச்பேட் மேலெழும்பி, மூடி சரியாக மூடவில்லை என்றால் பேட்டரி உப்பியிருக்கிறது. ஊசியால் குத்திக் காற்றை இறக்கலாம் என்று ஒருவர் கேட்டார். குத்தினால் தீப்பிடிக்கும். சார்ஜ் போடுவதை அந்த நிமிடமே நிறுத்திவிட்டுக் கடைக்குக் கொண்டு போங்கள்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது நனைந்த லேப்டாப்கள் சில என்னிடம் வந்தன. உலர்ந்துவிட்டதா என்று பார்க்க ஆன் செய்து பார்த்ததில்தான் அவற்றின் போர்டு போனது. தண்ணீர் பட்டதும் பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டு, ஆன் செய்யாமல் பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள். ஹேர் டிரையர் வேண்டாம். அரிசிப் பானையும் வேண்டாம், அரிசித் தூள் யுஎஸ்பி துளைக்குள் போவதுதான் மிச்சம்.